சோலார் பேனல் பாடம்: வாட் மட்டும் பார்த்தால் போதாது, வோல்ட்டையும் பாருங்கள்



தையல், மாவு மில், மசாலா அரைப்பு என்று தொழில் செய்யும் குழுக்களுக்குக் கரண்ட் பில் பெரிய செலவு. அதனால் நம்ம வெள்ளானூர்ப் பக்கமும் மாடியில் சோலார் பேனல் போடலாமா என்று யோசிக்கிறோம். "முதல்ல கொஞ்சம் போடுவோம், காசு சேர்ந்ததும் இன்னும் ரெண்டு சேர்ப்போம்" என்று நினைப்பதில் தப்பில்லை. ஆனால் பழைய பேனலும் புதிய பேனலும் ஒத்துப்போகாவிட்டால் கரண்ட் குறைவாகத்தான் வரும். வாங்கிய கடனையோ முழுசாகக் கட்டியாக வேண்டும். ஆகவே இந்த மாதம் இதைப் படிப்போம்.

வோல்ட், ஆம்பியர், வாட்

மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் உயரம் தருகிற அழுத்தம்தான் வோல்ட். குழாயில் ஓடுகிற தண்ணீரின் அளவு ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் வாட்.

பேனலின் பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் 'வி.எம்.பி.' என்பது வேலை செய்யும்போது வரும் வோல்ட். 'ஐ.எம்.பி.' என்பது அப்போது வரும் ஆம்பியர். பழைய 330 வாட் பேனலில் சுமார் 37.5 வோல்ட், 8.8 ஆம்பியர் இருக்கும். இப்போது வரும் 540 வாட் பேனலில் சுமார் 41.5 வோல்ட், 13 ஆம்பியர் இருக்கும்.

சேர்க்கும் முறை இரண்டு

ஒன்று, சீரிஸ். ஒரு பேனலின் பிளஸ்ஸை அடுத்ததன் மைனஸில் கோர்ப்பது. இதில் வோல்ட் கூடும், ஆம்பியர் கூடாது. கான்கிரீட் போடும்போது சட்டி கை மாறுகிறதே, அந்த மாதிரி. வரிசையில் ஒருத்தர் மெதுவாக வாங்கினால் எல்லாரும் அந்த வேகத்துக்குத்தான் வரணும். 13 ஆம்பியர் பேனலை 8.8 ஆம்பியர் பேனலோடு கோர்த்தால், புதியதும் பழையதன் அளவுக்கு இறங்கிவிடும்.

இரண்டு, பேரலல். பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ். இதில் ஆம்பியர் கூடும், ஆனால் வோல்ட் எல்லாவற்றுக்கும் ஒன்றாகிவிடும். இரண்டு மோட்டார் ஒரே பைப்பில் தண்ணீர் ஏற்றுவது போல. ஒன்றின் அழுத்தம் அதிகம், மற்றதில் குறைவு என்றால் இரண்டும் முழுசாகத் தள்ள முடியாது. ஆகவே பேரலலில் ஆம்பியர் வேறாக இருக்கலாம், வோல்ட் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கணும்.

ஒரு கணக்கு

ஒரு குழுவிடம் நாலு பழைய 330 வாட் பேனல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாலும் ஒரே சீரிஸ் வரிசை, மொத்தம் 150 வோல்ட். இப்போது இரண்டு புதிய 540 வாட் பேனலைத் தனி வரிசையாகப் போடுகிறார்கள். அது 83 வோல்ட். இரண்டு வரிசையையும் பேரலலாக ஒரே இன்வர்ட்டரில் கொடுத்தால் என்ன ஆகும்?

காகிதத்தில் 2,400 வாட். ஆனால் இன்வர்ட்டர் 83 வோல்ட் பக்கமாக இறங்கி வேலை செய்யும். பழைய நாலு பேனலும் 1,320 வாட்டுக்குப் பதில் ஏறக்குறைய 760 தான் தரும். உச்சி வெயிலிலேயே சுமார் 550 வாட் போச்சு. அதாவது ஒன்றரைப் பழைய பேனலுக்கும் மேல் வீண்.

இதற்குப் புதுசாக எதுவும் வாங்க வேண்டாம். பழைய நாலையும் இரண்டிரண்டாகப் பிரித்தால் 75 வோல்ட்டில் இரண்டு வரிசை. புதியது 83 வோல்ட்டில் ஒரு வரிசை. வோல்ட் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டதால் நஷ்டம் மிகக் குறைவு. ஆனால் இதற்கு இரண்டு நிபந்தனை உண்டு. அந்த வோல்ட்டையும், சேர்ந்து வரும் 30 ஆம்பியரையும் இன்வர்ட்டர் ஏற்க வேண்டும். மூன்று வரிசை ஆகிவிட்டதால் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ் வேண்டும். ஒரு வரிசையில் பழுது வந்தால் மற்ற இரண்டின் கரண்டும் அதற்குள் பாயும், வயர் சூடாகித் தீப்பிடிக்கலாம்.

சிறிய விளக்குப் பேனல்

2011-ல் தொடங்கிய முதலமைச்சரின் பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீடுகளுக்குச் சூரிய மின்விளக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். இப்படி 12 வோல்ட் பேட்டரிக்கு என்று வரும் சிறிய பேனல்களில் 17, 18 வோல்ட் தான் இருக்கும். அதோடு 37 வோல்ட் பேனலைப் பேரலலாகச் சேர்க்காதீர்கள். சாதாரண சார்ஜ் கன்ட்ரோலர் பெரிய பேனலைப் பேட்டரியின் வோல்ட்டுக்கே இழுத்துவிடும். 330 வாட் பேனல் 120 வாட் அளவுக்குத்தான் கொடுக்கும். அதற்கு எம்.பி.பி.டி. வகைக் கன்ட்ரோலரைத் தனியாக வைக்க வேண்டும்.

வாங்கும் முன்

1. பழைய பேனலின் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக் கடைக்குக் கொண்டு போங்கள்.
2. ஒவ்வொரு வரிசையின் மொத்த வோல்ட்டையும் எழுதி ஒப்பிடுங்கள்.
3. இரண்டு எம்.பி.பி.டி. உள்ள இன்வர்ட்டர் நல்லது. பழையதற்கு ஒன்று, புதியதற்கு ஒன்று என்று தனித்தனியே கொடுக்கலாம்.
4. வெயில் இருக்கும்வரை பேனல் வயரில் கரண்ட் இருக்கும். நீங்களே பிரிக்காதீர்கள். தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்குப் போடுகிறவர்கள் கவனிக்க: 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் ரூ.78,000 மானியம். இந்தியாவில் செய்த செல் உள்ள பேனலுக்கே இது கிடைக்கும். மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய பேனல் வாங்கினால் மானியம் இல்லை.

குழுக் கூட்டத்தில் பேச

உங்கள் குழு உறுப்பினர் வீடுகளில் பேனல் இருந்தால் ஸ்டிக்கரை எல்லாரும் சேர்ந்து படியுங்கள். இரண்டு பேனலைச் சீரிஸில் கோர்த்தால் எவ்வளவு வோல்ட்? பேரலலில் சேர்த்தால் எவ்வளவு? கணக்குத் தெரிந்த உறுப்பினர் கரும்பலகையில் போட்டுக் காட்டட்டும். கடன் தீர்மானம் எழுதுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.