சூறாவளிப் பருவத்தில் குடும்பத்தோடு கப்பற் பிரயாணம்

கரீபியன் கடலிலும் அதனைச் சூழ்ந்த அட்லாண்டிக் சமுத்திரத்திலும் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிப் பருவம். அதன் உக்கிரம் செப்டம்பர் 10ஐ ஒட்டி உச்சம் பெறுகிறது. கட்டணம் குறைவு என்பதால் குழந்தை குட்டிகளோடு அக்காலத்தில் உல்லாசக் கப்பலேற விரும்புவோர், கப்பல் பெரும்பாலும் புயலைவிட விரைவாகச் சென்று அதனை விலகிவிடும் என்பதையும், அவ்வாறு விலகுங்கால் செல்லவேண்டிய துறைமுகங்கள் மாறுவதும் திரும்பும் நாள் தள்ளிப்போவதும் சகஜமே என்பதையும் முன்னரே மனத்திற் கொள்ளுதல் அவசியம்.

பிரயாண இன்ஷூரன்ஸை முன்பணம் கட்டும்போதே எடுத்துவிடுங்கள். புயலுக்குப் பெயர் சூட்டப்பட்ட பின் எடுக்கும் பாலிசி, அப்புயலால் நேரும் நஷ்டத்தைப் பொதுவாக ஈடுசெய்வதில்லை. கப்பல் புறப்படுவதற்கு ஒரு நாள் முன்னதாகவே மியாமி போன்ற துறைமுக நகரத்தை அடைந்துவிடுவது நலம். நித்தியம் உட்கொள்ளும் மருந்துகளை நாலைந்து நாட்களுக்கு அதிகமாகவே கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வயோதிகர்களும் சிசுக்களும் உடன் வருவார்களாயின், இவ்விஷயத்தில் அலட்சியம் கூடவே கூடாது. குமட்டலுக்கு அஞ்சுவோர் கப்பலின் நடுப்பாகத்தில் கீழ்த்தட்டு அறையைக் கேட்டுப் பெறலாம்.

மார்க்கத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருக்குமாயின், அரூபா, பொனேர், குராசோ ஆகிய தீவுகளுக்குச் செல்லும் கப்பலே என் அபிப்பிராயத்தில் உத்தமமானது. சூறாவளிகள் வழக்கமாகச் செல்லும் பாதைக்குத் தெற்கே அவை அமைந்திருக்கின்றன.