உலகத் தமிழாராய்ச்சி மாநாடு: ஆய்வரங்கமா, திருவிழாவா?

முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1966-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் கோலாலம்பூரில் நடைபெற்றது என்பது நம் மாணவர் பலரும் அறிந்த செய்தியே. அக்கூட்டத்திற்கு அன்று இடப்பட்ட ஆங்கிலப் பெயரைத் தமிழாக்கினால் 'தமிழியல் மாநாட்டுக் கருத்தரங்கு' என்று வரும். மாநாடு என்றால் மக்கள் திரள். கருத்தரங்கு என்றால் நாற்பது பேர் அமர்ந்து ஒருவர் கருத்தை மற்றவர் கேள்வியால் துளைப்பது. இரண்டையும் ஒரே பெயருக்குள் வைத்ததால் ஏற்பட்ட இழுபறி இன்றுவரை தீரவில்லை. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாநாட்டை நடத்தவென ஏற்பட்ட உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964 சனவரியில் புதுதில்லியில் பிறந்தது. கீழ்த்திசை அறிஞர் மாநாட்டிற்கு வந்திருந்தோரை ஒன்றுகூட்டி இதனைத் தொடங்கியவர்கள் தனிநாயகம் அடிகளும் வ. அய். சுப்பிரமணியமும் ஆவர். அடிகளார் அப்போது மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைப் பேராசிரியர். மன்றத்தின் முதல் தலைவர் பிரெஞ்சு அறிஞர் ழான் ஃபிலியோசா. தமிழை உலகப் பல்கலைக்கழகங்கள் ஏற்கும் ஆய்வுத் துறையாக்குவதே அவர்களின் எண்ணம். ஊர்வலமும் அலங்கார வண்டிகளும் அத்திட்டத்தில் இல்லை.

அவை 1968-இல் சென்னையில் வந்து சேர்ந்தன. அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்த காலம் அது. மெரினா கடற்கரையில் கண்ணகிக்கும் வீரமாமுனிவருக்கும் கால்டுவெல்லுக்கும் போப்புக்கும் சிலைகள் எழுந்தன. இதனைக் குறை கூறுவோர் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. சென்னை மாநாட்டின் தொடர்ச்சியாகத்தான் 1970-இல் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் அமைந்தது. மதுரையில் ஐந்தாம் மாநாடு நடந்த அதே 1981-இல் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோன்றியது. திருவிழாவிலிருந்தும் ஆய்வுக்கூடம் பிறக்கும். 1970-இல் பாரிசில் நடந்ததோ ஆரவாரமற்ற அறிஞர் கூட்டம்.

யாழ்ப்பாணத்தை அவ்வாறு கடந்து செல்ல இயலாது. நான்காம் மாநாட்டைக் கொழும்பில் நடத்தும்படி அரசு வற்புறுத்தியது, பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமையிலான இலங்கைக் கிளை யாழ்ப்பாணத்திலேயே நடத்தியது. 1974 சனவரி 10-ஆம் நாள், நிறைவுப் பொதுக்கூட்டத்தில் திரண்டிருந்த மக்கள்மீது காவல்துறை பாய்ந்தது. அக்குழப்பத்தில் அறுந்து விழுந்த மின்கம்பி பாய்ச்சிய மின்சாரத்தால் பொதுமக்கள் பலர் மாண்டனர். இறந்தவர்கள் கட்டுரை படிக்க வந்தவர்கள் அல்லர். தமிழுக்கு ஒரு விழா என்று கேட்டு வந்தவர்கள். 'ஆய்வாளர்களுக்கு மட்டுமே மாநாடு' என்று யாராவது சொல்லும்போது எனக்கு அந்தக் கூட்டம்தான் நினைவுக்கு வருகிறது.

ஆயினும் அரசின் கை ஓங்கும்போது ஆய்வு என்னவாகும் என்பதற்கும் சான்றுகள் உள்ளன. 1995-இல் தஞ்சாவூர் மாநாட்டிற்கு வந்த கார்த்திகேசு சிவத்தம்பி உள்ளிட்ட ஈழத்து அறிஞர் சிலர் திருப்பி அனுப்பப்பட்டனர். 2010-இல் கோவையில் மாநாடு நடத்தத் தமிழக அரசு முன்வந்தபோது, ஆய்வுக் கட்டுரைகள் உருவாகக் கூடுதல் காலம் வேண்டும் என்றார் மன்றத் தலைவராயிருந்த சப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராசிமா. அரசு காத்திருக்கவில்லை. அந்தச் சூன் மாதத்திலேயே 'உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு' என்ற வேறு பெயரில் விழா நடந்தேறியது. பிறகு மன்றமே பிளவுபட்டது. 2023 சூலையில் பதினோராம் மாநாடு என்று சொல்லிக்கொண்டு சென்னையில் ஒன்றும் மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஒன்றும் கூடின. ஒரே எண், இரண்டு மாநாடுகள்!

இத்தகைய பூசல் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. பிரேசிலின் போர்த்தோ அலெக்ரே நகரில் 2001-இல் தொடங்கி, 2004-இல் மும்பையில் கூடிய உலக சமூக மன்றத்தையும் இதே கேள்வி வாட்டியது. மன்றத்தின் பெயரால் எவரும் தீர்மானம் போடக் கூடாது, அது திறந்த வெளியாகவே இருக்கட்டும் என்றது ஒரு சாரார். பேசிக் கலைவதற்கா இத்தனை தூரம் வந்தோம் என்றது மறு சாரார்; 2005-இல் பத்தொன்பது பேர் கையெழுத்திட்டுத் தனி அறிக்கையே வெளியிட்டனர். 2007-இல் நைரோபியில் நுழைவுக் கட்டணம் கட்ட முடியாத சேரி மக்கள் வாயிலில் நின்று போராடினர். ஏழைகளைப் பற்றிப் பேசும் அரங்கிற்குள் ஏழைகள் நுழைய முடியவில்லை. திறந்த வெளிக்கும் வாயிற்காவலன் இருந்தான்.

நம் மாநாட்டின் வாயிலில் நிற்பவர் யார்? நான் மலாக்கா மாநிலத்துச் சுங்கை ஊடாங்கைச் சேர்ந்தவன். இறால் ஆறு என்று பொருள்படும் இவ்வூரை வெளியூரார் இராணுவ முகாமையும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையையும் கொண்டே அறிவர். மலாக்காவின் பால்மரத் தோட்டங்கள் பல செம்பனையாயின. சில வீடமைப்புப் பகுதிகளாயின. தோட்டத்துக்குத் தோட்டம் நம்மவர் வைத்திருந்த தமிழ்ப் பெயர்கள், தாலாட்டு, ஒப்பாரி, கோயில் கணக்கேடுகள் எல்லாம் அறுபது எழுபது வயதைக் கடந்தோரின் நினைவிலும் பெட்டியிலும் இருக்கின்றன. இவற்றைத் தொகுத்தால் அது தமிழாராய்ச்சி ஆகாதா? அரைமணிப் பயணத்தில் காஜா பேராங்கில் மலாக்கா செட்டிகள் வாழ்கிறார்கள். பேசுவது மலாய்; வணங்குவது சிவனையும் பிள்ளையாரையும். தமிழ் பேசாத அவர்கள் மாநாட்டில் ஆய்வுப்பொருளாக மட்டும் வருவார்களா, தங்கள் வரலாற்றைத் தாங்களே சொல்லவும் வருவார்களா?

இதில் பழைய கடன் ஒன்றும் இருக்கிறது. 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமையவிருந்தபோது, அங்கு முதன்மை பெற வேண்டியது தமிழா சமற்கிருதமா என்ற விவாதம் மூண்டது. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்காக வாதாடியதோடு, பல்கலைக்கழகத்திற்குத் தமிழ் நூல்கள் வாங்கத் 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியையும் திரட்டினார். எளிய தொழிலாளர்கள் கொடுத்த சிறு தொகைகள் அதில் சேர்ந்தன. தனிநாயகம் அடிகள் தலைமையேற்ற துறைக்கும், அதன்வழி முதல் மாநாட்டிற்கும் அடித்தளம் இட்டவர்களுள் கட்டுரை எழுதத் தெரியாதவர்களும் உண்டு.

ஆகவே, ஆய்வா விழாவா என்று கேட்பதைவிட எதை யார் முடிவு செய்வது என்று கேட்பதே பயன் தரும். விழாவுக்கு அரசு பணம் கொடுக்கட்டும். நாளையும் கட்டுரைகளையும் ஆய்வாளர் குழு தீர்மானிக்கட்டும். படிக்கப்பட்ட கட்டுரைகள் அடுத்த ஆண்டுக்குள் எவரும் இலவசமாகப் படிக்கும்படி வெளிவரட்டும். இரு மாநாடுகளுக்கு இடையிலான நீண்ட இடைவெளியில், மலாக்கா போன்ற இடங்களில் இரண்டு நாள் களப்பணிப் பட்டறைகள் நடக்கலாம். இதற்கு மன்றத்தின் பிளவு தீரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நம் பேரவையே ஒரு பள்ளி விடுமுறையில் தொடங்கலாம். ஒலிப்பதிவுக்குக் கைத்தொலைபேசி போதும். பாடுகிறவரின் பெயர், தோட்டத்தின் பெயர், பாடிய நாள் மூன்றையும் தவறாமல் குறித்துக்கொள்ள வேண்டும். பதிவின் ஒரு படியைப் பாடியவர் வீட்டிலேயே கொடுத்துவிட்டு வர வேண்டும்.