கைபேசிச் செலவு: ஆளுக்கேற்ற ரீசார்ஜ்



உதவி கேட்டு வரும் குடும்பங்களின் மாதக் கணக்கை எழுதும்போது, அரிசி, மருந்து, மின்கட்டணத்தோடு ரீசார்ஜ் என்ற வரியும் இப்போது தவறாமல் வருகிறது. வீட்டில் நான்கு கைபேசி என்று வைத்துக்கொள்வோம். நான்கிலும் தினம் 1.5 ஜிபி இணையம் தரும் 84 நாள் திட்டம். ஏர்டெல்லில் 719 ரூபாயாக இருந்த இத்திட்டம் 2024 ஜூலையில் 859 ரூபாய் ஆனது. நான்குக்கும் சேர்த்து மாதம் 1,200 ரூபாய்க்கு மேல் போகிறது. நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில் கூலிக் குடும்பம் இதற்காகக் கடன் வாங்குகிறது.

அந்த நான்கில் ஒன்று நன்னியின் பட்டன் போனாக இருக்கும். அதில் இணையமே ஓடாது. பயன்படுத்தாத ஒன்றுக்குப் பணம் கட்டுவது இஸ்ராஃப், வீண்விரயம். இதைத் தவிர்க்க வழி இருக்கிறது.

1. பேச மட்டும் திட்டம். இணையம் வேண்டாதவர்களுக்கு அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டம் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பர் 23 அன்று விதி செய்தது. அதன்படி 2025 ஜனவரியில் ஏர்டெல் 84 நாளுக்கு 469 ரூபாய், 365 நாளுக்கு 1,849 ரூபாய் என்று அறிவித்தது. 859 ரூபாய்த் திட்டத்தையே ஆண்டு முழுக்கப் போட்டால் சுமார் 3,730 ரூபாய் ஆகும். ஒரு போனிலேயே ஏறக்குறைய 1,880 ரூபாய் மிச்சம். மற்ற நிறுவனங்களிலும் இத்தகைய திட்டம் உண்டு. விலை மாறக்கூடும், கடையில் “பேச மட்டும் உள்ளது” என்று நீங்களே கேளுங்கள். சஃபரில் இருக்கும் மகனோடு வீடியோவில் பேசும் உம்மாவுக்கு இது பொருந்தாது.

2. நாட்களை எண்ணுங்கள். 28 நாள் திட்டம் என்றால் ஆண்டுக்கு 12 அல்ல, 13 முறை ரீசார்ஜ். 30 நாள் திட்டம் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்பது 2022 முதல் விதி. சம்பா அறுவடைப் பணம் கைக்கு வரும் தை, மாசியில் ஆண்டுத் திட்டம் போட்டுவிட்டால் பிறகு கவலையில்லை.

3. எண்ணை இழந்துவிடாதீர்கள். சிக்கனம் என்று ரீசார்ஜையே விட்டுவிடுவதும் ஆபத்து. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத எண் துண்டிக்கப்படலாம். பின்னர் வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். வங்கி, ஆதார், ரேஷன், எரிவாயு ஓடிபி எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வருகின்றன. பேச மட்டும் உள்ள திட்டத்திலும் ஓடிபி வரும்.

4. தானாகப் போகும் பணம். யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதியைத் திறந்து, வேண்டாதவற்றை ரத்து செய்யுங்கள். பிள்ளைகள் கையில் இருக்கும் போனில், கூகுள் பிளேயில் எதை வாங்கினாலும் கடவுச்சொல் கேட்குமாறு வையுங்கள். கேட்காத பாட்டு, ஜோசியச் சேவைக்குப் பணம் பிடித்தால் 155223 என்ற இலவச எண்ணில் நிறுத்தலாம்.

5. போஸ்ட்பெய்டு. குடும்பத் திட்டத்தில் பில் யார் பெயரில் வருகிறதோ அவரே முழுத் தொகைக்கும் பொறுப்பு. ஆகவே பிள்ளைக்கு இணைப்பு எடுத்துத் தரும் முன், அளவு தாண்டினால் என்ன கட்டணம் என்று கேட்டு எழுதி வையுங்கள்.

6. புகார். முதலில் 198. புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தீராவிட்டால் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் முறையிடலாம். இதற்குக் கட்டணம் கிடையாது.

இந்த வாரம் ஓர் இரவு இஷாவுக்குப் பிறகு வீட்டார் அனைவரும் உட்காருங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே யார் பயன்படுத்துகிறார், இணையம் தேவையா, எப்போது முடிகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிள்ளைகளைத் திட்டாமல், அவர்களையே கணக்குப் போடச் சொல்லுங்கள். மிச்சமாகும் பணம் நன்னியின் மருந்துக்கோ பேத்தியின் படிப்புக்கோ ஆகட்டும்.

அல்லாஹ் நம் வருவாயில் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.

— செயலாளர்