ஒரே அட்டவணை, ஒரே நியாயமா?

"எல்லாருக்கும் ஒரே தேதி, ஒரே வினாத்தாள். இதில் ஆண், பெண் பேதம் எங்கே வந்தது?"

பொதுத்தேர்வு அட்டவணை பற்றிப் பேச்செடுத்தாலே இப்படித்தான் கேட்கிறார்கள். 2025-இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ தேர்வு மார்ச் 3 முதல் 25 வரை நடந்தது. மாதவிலக்குச் சுழற்சியோ பெரும்பாலும் 21 முதல் 35 நாள். ஆகவே மாணவிகளில் பெரும்பாலானோருக்கு ஒரு தாளாவது அந்த நாட்களில்தான் வரும். தேதியை எங்கே நகர்த்தினாலும் இது மாறாது.

"அந்த நாட்களில் மூளை மந்தமாகிவிடும்."

இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2025-இல் 'பிளோஸ் ஒன்' இதழில் வந்த கட்டுரை, மாதச் சுழற்சிக்கேற்ப சிந்தனைத் திறன் ஏறி இறங்குவதற்கு உறுதியான சான்று இல்லை என்கிறது. அடிவயிற்று வலியும், பாவாடையில் கறை பட்டுவிடுமோ என்ற பயமும், மூன்று மணி நேரம் எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருப்பதும்தான் மதிப்பெண்ணைத் தின்கின்றன. 2024 ஜூனில் மத்திய கல்வி அமைச்சகம் தேர்வு மையங்களில் இலவச நாப்கின் வைக்கவும் கழிப்பறை போக அனுமதிக்கவும் அறிவுறுத்தியது. உங்கள் மையத்தில் அந்த நாப்கின் எந்த அறையில் இருக்கிறது என்று மாணவிகளுக்குத் தெரியுமா?

"மாத்திரை போட்டுத் தள்ளிப்போட்டால் போச்சு."

மருந்துக்கடையில் அம்மாக்கள் கேட்டு வாங்கும் நோரெதிஸ்டிரோன் ஒரு ஹார்மோன் மருந்து. மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாதது. ரத்தம் உறையும் கோளாறு இருந்தால் ஆபத்து. குமட்டல், தலைவலி, மார்பகத்தில் வலி, எரிச்சல் ஆகியவை வரலாம். வழக்கமாக, எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டும். பதினேழு வயதில் பலருக்கு அந்தத் தேதியே நிலையாக இருப்பதில்லை. கணிதத் தாளுக்கு முதல் நாள் முதன்முறையாகப் பரீட்சித்துப் பார்க்கும் மருந்தல்ல இது.

"தாளுக்குத் தாள் இடைவெளி விட்டிருக்கிறார்களே."

எல்லா வீட்டிலும் மாணவிக்கு அது படிக்கும் நாளல்ல; வீட்டுவேலையும் காத்திருக்கும். 2019-இன் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புப்படி, ஊதியமில்லாத வீட்டுவேலை செய்வோரில் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள்.

"பெண்கள்தானே அதிகம் பாஸ் ஆகிறார்கள்!"

ஆம். 2025 பிளஸ் டூவில் மாணவிகள் 96.70 சதவீதம், மாணவர்கள் 93.16. ஆனால் இது தேர்வெழுத வந்தவர்களை மட்டும் கொண்ட கணக்கு. வலியோடு எழுதி 480 வாங்கியவள், வலியில்லாமல் எழுதியிருந்தால் எவ்வளவு வாங்கியிருப்பாள் என்பதை எந்தச் சதவீதமும் சொல்லாது.

சி.பி.எஸ்.இ. 2026 முதல் பத்தாம் வகுப்புக்கு இரண்டு தேர்வு வைத்து, தேறியவர்களும் மூன்று பாடம் வரை மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள வழி செய்திருக்கிறது. நம் மாநிலத் துணைத்தேர்வு தோற்றவர்களுக்கும் வராதவர்களுக்கும்தான். பெண்களுக்கென்று தனித் தேதி யாரும் கேட்கவில்லை. தேறிய பிள்ளைகளும், ஆணோ பெண்ணோ, விரும்பிய தாளைத் திரும்ப எழுதப் பள்ளிக்கல்வித் துறை அந்தத் துணைத்தேர்வைத் திறந்துவிட வேண்டும்.