நொசில் நட்டைத் தளர்த்திப் பார்க்காதீர்கள்

வாகரையிலிருந்து ஐஸ் போட்ட மீன் பெட்டிகளோடு புறப்பட்ட லொறி பனிச்சங்கேணிப் பாலம் தாண்டி நின்றுவிட்டால், ஐஸ் யாருக்காகவும் காத்திருக்காது. அந்த அவசரத்தில் ஆளாளுக்குத் தெரிந்த வைத்தியம் தொடங்கும்.

“நட்டைத் தளர்த்து. டீசல் பீறிட்டால் பம்ப் நல்லது.”

இது ஒருகாலத்தில் சரியாக இருந்த பழக்கம். அதனால்தான் இன்னும் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய பம்ப் எஞ்சினில் ஒவ்வொரு நட்டாகத் தளர்த்தி, எந்த இடத்தில் சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டரில் கோளாறு என்று பாஸ்மார் பிடித்துவிடுவார்கள். அங்கே நொசில் திறக்க 100 முதல் 250 பார் வரை போதும், அதுவும் பம்ப் அடிக்கும் கணத்தில் மட்டும்.

1995இல் ஹினோ லொறிகளில் டென்சோ நிறுவனம் கொண்டுவந்த கொமன் ரெயில் வேறு சாதி. எஞ்சின் ஓடும்வரை, எல்லா இன்ஜெக்டர்களுக்கும் டீசல் கொடுக்கும் பொதுக் குழாயான ரெயிலில் அழுத்தம் இறங்காது. ஐட்லிங்கில் ஏறத்தாழ 300 பார், சுமையோடு இழுக்கும்போது 1600 பாரும் அதற்கு மேலும். லொறி ரயருக்கு 100 பிஎஸ்ஐ காற்று அடிக்கிறோம் என்றால், 1600 பார் என்பது சுமார் 23,000 பிஎஸ்ஐ. நட்டைத் தளர்த்தினால் பீறிடும் அந்த டீசல் தோலைத் துளைக்கும், கையுறையையும் துளைக்கும். விரலில் ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளிதான் தெரியும். முதலில் வலியும் பெரிதாக இராது. உள்ளே தசை அழுகத் தொடங்கியிருக்கும். சில மணித்தியாலங்களுக்குள் சத்திரசிகிச்சை கிடைக்காவிட்டால் விரலையே எடுக்க நேரும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை இங்கிருந்து சுமார் 60 கிலோமீற்றர். பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடரவேண்டாம், தம்பிமாரே. உடனே வாகரை வைத்தியசாலைக்குப் போய், “அழுத்தத்தோடு டீசல் உள்ளே பாய்ந்தது” என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள்.

“டீசல் வருகிறதுதானே, பிரஷரும் இருக்கும்.”

வருவது வேறு, அழுத்தம் வேறு. செல்ஃப் அடிக்கும்போது ரெயிலில் சுமார் 200–300 பார் சேராவிட்டால் பெரும்பாலான வண்டிகளில் எஞ்சின் கணினி இன்ஜெக்டரைத் திறக்காது. அதை ஸ்கேனரில் பாருங்கள்: கணினி கேட்ட அழுத்தம், கிடைத்த அழுத்தம், இரண்டையும். ஸ்கேனர் இல்லாவிட்டால் ரெயில் சென்சரின் சிக்னல் வயரில் மீற்றரை வையுங்கள். பொதுவாக எஞ்சின் நிற்கையில் 0.5 வோல்ட் இருக்கும். செல்ஃப் அடிக்க அது ஏறவேண்டும். ஏறாவிட்டால் இன்ஜெக்டர்களின் ரிட்டேர்ன் குழாய்களைத் தனித்தனிப் போத்தல்களில் விட்டுப் பாருங்கள். மற்றவற்றைவிட வேகமாக நிரம்பும் போத்தல், தேய்ந்த இன்ஜெக்டரைக் காட்டிக்கொடுக்கும். பெற்றோல் காருக்கு வாங்கிய கேஜை ரெயிலில் பூட்டவே கூடாது. அது மூன்று நான்கு பாருக்குச் செய்தது.

“எங்கும் நனையவில்லை, ஆகவே ஒழுக்கு இல்லை.”

பல வண்டிகளில் பம்ப்தான் டாங்கிலிருந்து டீசலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் குழாயில் வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுத்தான் உள்ளே போகும். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே உள்ளே தெரியும் ஒரு குழாயைப் பொருத்தினால் குமிழி தெரிந்துவிடும். பம்பைக் கழற்றுவதற்கு முன் செய்யவேண்டிய பார்வை இது. அநியாயமாகப் பல பம்புகள் இதைச் செய்யாமலே கழற்றப்படுகின்றன.

“கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால் ஒன்றும் ஆகாது.”

படகு எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் வைத்திருக்கும் ஊரில் இந்த ஆசை வரும். 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆகும்வரை விலையும் அந்த ஆசைக்குத் துணைநின்றது. ஆனால் கொமன் ரெயில் பம்பின் உள்ளுறுப்புகளுக்கு டீசல்தான் ஒயில். மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்பு போதாது. இரும்பும் இரும்பும் உரசும். பம்பின் அளவு வால்வைக் கழற்றிப் பார்த்தால் மினுங்கும் தூள் இருக்கும். அந்தத் தூள் இன்ஜெக்டர்களுக்கும் போயிருக்கும்.