அடிபம்பு கோடையில் மட்டும் ஏன் கனக்கிறது?

கேள்வி: எங்கள் தெருவில் 150 அடி போரில் அடிபம்பு போட்டிருக்கிறார்கள். கார்த்திகை, மார்கழியில் பள்ளிப் பிள்ளைகள்கூட விளையாட்டாக அடித்துவிடுகிறார்கள். சித்திரை வந்தால் என் அம்மாவால் ஒரு குடம் நிரப்ப முடிவதில்லை. போர் ஆழமானது, அதனால்தான் கனக்கிறது என்கிறார்கள். கைப்பிடியில் ஒரு பைப்பைப் பற்றவைத்து நீளமாக்கினால் லேசாகும் என்றும் சொல்கிறார்கள். இது சரியா? சிரமமில்லாமல் அடிக்க என்ன வழி?
– ஒரு வாசகி, ஒரகடம்

பதில்: அருமையான கேள்வி. பாதி பதிலையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். கனத்துக்குக் காரணம் போரின் ஆழம் என்றால், மார்கழியிலும் கனத்திருக்க வேண்டுமே! போர் அன்றும் 150 அடி, இன்றும் 150 அடி. மாறியது ஒன்றே ஒன்று: தண்ணீர் நிற்கும் மட்டம்.

உங்கள் தெருவில் இருப்பது பெரும்பாலும் ‘இந்தியா மார்க் 2’ பம்பாக இருக்கும். இது நம் மண்ணில் உருவானது. 1970களில் யுனிசெஃப் உதவியோடு, சோலாப்பூரில் உருவான ஒரு பம்பை முன்மாதிரியாகக் கொண்டு வடிவமைத்தார்கள். கோயம்புத்தூர் வட்டாரக் கிராமங்களில் வைத்துச் சோதித்தார்கள். சென்னையில் இருந்த ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ் என்ற அரசு நிறுவனம் தயாரித்தது. பின்னர் இது ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கும் போனது.

இதன் உயிர்நிலை பூமிக்குள் இருக்கிறது. தண்ணீருக்குள் மூழ்கியபடி ஒரு சிலிண்டர், அதாவது பித்தளை உள்ளுறை கொண்ட உருளை. அதற்குள் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன். பிஸ்டனையும் மேலே உள்ள கைப்பிடியையும் நீண்ட இரும்புக் கம்பிகளும் ஒரு சங்கிலியும் இணைக்கின்றன. கைப்பிடியை நீங்கள் கீழே அழுத்தும்போது பிஸ்டன் மேலே ஏறுகிறது. தனக்கு மேல் நிற்கும் தண்ணீரைத் தூக்குகிறது.

எவ்வளவு தண்ணீரை? இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். சிலிண்டர் 100 அடியில் இருந்தால் 100 அடித் தண்ணீரையும் தூக்க வேண்டும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. சிலிண்டரிலிருந்து மேலே வரும் குழாய்க்கு வெளியே, போரில் எந்த மட்டம் வரை தண்ணீர் நிற்கிறதோ, அதுவரை குழாய்க்கு உள்ளே இருக்கும் நீரை வெளிநீரின் அழுத்தமே தாங்கிக்கொள்கிறது. அந்த மட்டத்திலிருந்து பம்பின் வாய் வரையுள்ள நீரின் கனம் மட்டுமே உங்கள் கைக்கு வருகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்தப் பம்பின் சிலிண்டர் 63.5 மில்லிமீட்டர் விட்டமுள்ளது. அதன்படி ஒரு மீட்டர் உயர நீர் பிஸ்டனின் மேல் ஏறத்தாழ 3.2 கிலோ கனக்கும். மழைக்குப் பின் நீர்மட்டம் 20 அடியில், அதாவது 6 மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் பிஸ்டன் மேல் 19 கிலோ. கோடையில் அது 70 அடிக்கு, 21 மீட்டருக்கு இறங்கிவிட்டால் 66 கிலோ. கைப்பிடியின் நெம்புகோல் விகிதம் ஏறத்தாழ 8க்கு 1. அதாவது, உள்ளே 8 கிலோவைத் தூக்கக் கையால் 1 கிலோ அழுத்தம் கொடுத்தால் போதும். ஆக, மார்கழியில் இரண்டரைக் கிலோவுக்கும் குறைவாக இருந்த அழுத்தம், சித்திரையில் எட்டுக் கிலோவைத் தாண்டுகிறது. கம்பிகளுக்கும் எடை உண்டு. ஆனால் அதில் பெரும்பங்கைக் கனமான கைப்பிடியே ஈடுகட்டிவிடும்.

இனி, கைப்பிடியை நீட்டும் யோசனை. அழுத்தம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் வேறு இரண்டு சங்கடங்கள் வரும். முதலாவது, பிஸ்டன் 12.5 சென்டிமீட்டர் ஏற, கைப்பிடியின் நுனி இப்போதே சுமார் ஒரு மீட்டர் இறங்க வேண்டியிருக்கிறது. நீட்டினால் இன்னும் அதிகம் இறங்கும். உங்கள் அம்மா ஒவ்வொரு முறையும் தோளுக்கு மேலிருந்து முழங்கால் வரை குனிந்து நிமிர வேண்டும். கைவலி போய் இடுப்புவலி வரும். இரண்டாவது, சங்கிலியால் இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. பிஸ்டன் கீழே இறங்குவது கம்பிகளின் சொந்த எடையால்தான். கைப்பிடியில் கூடுதல் எடை ஏறினால் கம்பிகள் முழுமையாக இறங்காது, தண்ணீரும் குறையும். ஆகவே பற்றவைக்க வேண்டாம்.

ஒன்றை நாம் ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். 15 லிட்டர் தண்ணீரை 21 மீட்டர் உயர்த்துவது, நிறைகுடத்தை ஏழாவது மாடிக்குத் தூக்குவதற்குச் சமமான வேலை. எந்தக் கருவியாலும் இந்த வேலையைக் குறைக்க முடியாது. அதைச் சிறு சிறு பங்காகப் பிரிக்கலாம், வீணாவதைத் தடுக்கலாம். அதற்கு வழிகள் உண்டு.

முதலில் பராமரிப்பு. சங்கிலியில் கிரீஸ் காய்ந்திருந்தாலோ பேரிங் துருப்பிடித்திருந்தாலோ கைப்பிடி இறுகும். கனமில்லாமல், ஆனால் பலமுறை அடித்தும் தண்ணீர் குறைவாக வந்தால், பிஸ்டனைச் சுற்றியுள்ள வாஷர் தேய்ந்திருக்கும். சற்று நேரம் விட்டு அடிக்கும்போது முதலில் வெறும் காற்றுதான் வருகிறது என்றால், அடி வால்வு ஒழுகுகிறது. அது தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் பிடித்துவைக்கும் கதவு. இவை ஊராட்சியில் சொல்லிச் சரிசெய்யக்கூடியவை.

அடுத்தது, சிறிய சிலிண்டர். 50 மில்லிமீட்டர் சிலிண்டர் போட்டால் தண்ணீரின் கனம் ஏறத்தாழ 38 சதவீதம் குறையும். ஒரு முறை அடித்தால் வரும் தண்ணீரும் அதே அளவு குறையும். இப்போது சுமார் 40 முறை அடித்தால் நிரம்பும் 15 லிட்டர் குடத்துக்கு 60 முறைக்கும் மேல் அடிக்க வேண்டும். நேரம் கூடினாலும் பெரியவர்களுக்கு இதுவே ஏற்றது. ‘மார்க் 3’ போட்டால் லேசாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. அதில் பைப்பை எல்லாம் கழற்றாமல் பிஸ்டனை மட்டும் மேலே எடுக்கலாம். அதனால் பழுது பார்ப்பதுதான் எளிது. அதே அளவு சிலிண்டர் என்றால் கனமும் அதேதான்.

மூன்றாவது, அடிக்கும் முறை. வேகமாக அடித்தால், நிற்கும் தண்ணீரை ஒவ்வொரு முறையும் திடீரென்று கிளப்பக் கூடுதல் விசை தேவைப்படும். நிதானமாக, கையை நீட்டி, உடம்பின் எடையைச் சாய்த்து அழுத்தச் சொல்லுங்கள். ஏற்றத்தின் மரத்தில் ஏறி நடந்து நீர் இறைத்த நம் முன்னோர் தசையைவிட உடம்பின் எடையைத்தான் அதிகம் நம்பினார்கள். காலால் மிதித்து இறைக்கும் பம்புகளும் இன்று கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை மேலிருந்து உறிஞ்சுபவை. வளிமண்டல அழுத்தத்தின் உதவியால் இயங்கும் அவை, நடைமுறையில் சுமார் 7 மீட்டருக்குக் கீழே இருந்து தண்ணீர் எடுக்காது. ஏரிக்கரைக் கிணறுகளுக்கு அவை சரி. உங்கள் கோடைக்கு உதவாது.

கடைசி வழிதான் எல்லாவற்றிலும் பெரியது: நீர்மட்டத்தை உயர்த்துவது. மட்டம் பத்து அடி உயர்ந்தால், ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் உங்கள் அம்மாவின் கையிலிருந்து சுமார் 1.2 கிலோ இறங்கும். மழைநீர் சேகரிப்பு 2003இலேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை வீட்டுக் கூரைகளோடு தொழிற்சாலைக் கூரைகளும் பரந்து கிடக்கின்றன. ஏரிகளும் இருக்கின்றன. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் பம்பைப் பழுது பார்க்கக் கேளுங்கள். அதே மூச்சில் ஏரியையும் வரத்துக் கால்வாயையும் தூர்வாரக் கேளுங்கள். உங்கள் தெருப் பம்பின் கனத்தை முடிவு செய்வது அந்த ஏரிதான்.