நகர நிலத்தை விற்க ஊரைக் கேட்க வேண்டுமா?

கேள்வி: சான் டியேகோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே பழைய விளையாட்டு மைதான நிலத்தை, 2018இல் மக்கள் வாக்களித்த பிறகுதான் பல்கலைக்கழகத்துக்கு விற்றார்களாம். அமெரிக்காவில் நகராட்சி எந்த நிலத்தை விற்றாலும் வாக்கெடுப்பு உண்டா? குத்தகைக்கும் அப்படித்தானா?
– வாசகி, திருச்சி

பதில்: மகளைப் பார்க்கப் போன இடத்தில் ஊர் நிலத்தின் கணக்கையும் விசாரித்து வந்திருக்கிறீர்கள். மகிழ்ச்சி, அம்மா.

எதை விற்றாலும் வாக்கெடுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. விதி ஊருக்கு ஊர் மாறும். சான் டியேகோவில் சிறு மனைகளை நகர மன்றமே விற்றுவிடலாம். எப்போது மக்களைக் கேட்க வேண்டும் என்பதை நகர சாசனம் சொல்கிறது. சாசனம் என்றால் நகரத்தின் அரசியலமைப்பு. அதைத் திருத்துவதற்கும் மக்கள் வாக்கு வேண்டும்.

சாசனத்தில் மூன்று காவல்கள் இருக்கின்றன. ஒன்று, ஒரே தொடர்ச்சியாக 80 ஏக்கரோ அதற்கு மேலோ உள்ள நிலத்தை விற்கவோ மாற்றிக்கொள்ளவோ வாக்காளர் ஒப்புதல் வேண்டும். அரசு அமைப்புக்கு உண்மையான அரசுப் பணிக்காகக் கொடுத்தால் விலக்கு உண்டு. இரண்டு, சான் டியேகோ ஆற்றுக்கு வடக்கே உள்ள பியூப்லோ நிலம், அதாவது மெக்சிகோ ஆட்சிக் காலத்தில் ஊருக்கென்று ஒதுக்கிய பொது நிலம். அதை விற்கவும் வாக்கு வேண்டும். மூன்று, பூங்காவென்று சட்டப்படி அர்ப்பணித்த இடம். அதை வேறு பயனுக்குத் திருப்ப மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவை.

ஏன் இவ்வளவு கட்டுக்காவல்? 1867இல் அலோன்சோ ஹார்ட்டன் என்பவர் இந்த நகரின் 960 ஏக்கரை ஏலத்தில் எடுத்தார். ஏக்கர் விலை சுமார் 27.5 செண்ட், மொத்தமே 265 டாலர். இன்று நகரின் மையப்பகுதி அங்கேதான் நிற்கிறது. மறு ஆண்டே 1,400 ஏக்கரைப் பூங்காவுக்கென்று ஒதுக்கினார்கள். அதுதான் இன்றைய பால்போவா பூங்கா. விற்றது திரும்பவில்லை, ஒதுக்கி வைத்தது இன்றும் ஊருக்குப் பயன்படுகிறது. விதியின் நியாயம் இதுதான்: ஒரு மன்றம் செய்த விற்பனையை அடுத்த மன்றம் திருத்த முடியாது.

இனி குத்தகை. 80 ஏக்கர் விதி விற்பனையையும் பரிமாற்றத்தையும் மட்டுமே பேசுகிறது. குத்தகை நிலம் என்றாவது திரும்பி வரும் என்பது அதன் கணக்கு. பியூப்லோ நிலத்துக்கு மட்டும் குத்தகைக்கு 15 ஆண்டு வரம்பு உண்டு.

2018இல் நடந்தது இன்னும் சுவையானது. அப்போது வாக்குச்சீட்டில் ஏறிய இரண்டு திட்டங்களும் மன்றம் அனுப்பியவை அல்ல, மக்களிடம் கையெழுத்து திரட்டி வந்தவை. ஒன்று, நீங்கள் சொன்ன மைதான நிலத்தில் 132 ஏக்கரை சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு விற்பது. மற்றொன்று, கால்பந்து அரங்கத்தை மையமாக வைத்த தனியார் திட்டம். அது நிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்குக் கேட்டது. கூடவே 79.9 ஏக்கர் வரை வாங்கிக்கொள்ளும் உரிமையையும் கேட்டது. 80க்கு ஒரு மயிரிழை கீழே! மக்கள் முதல் திட்டத்தையே தேர்ந்தார்கள். ஆனால் அந்த வாக்கில் விலை முடிவாகவில்லை. விற்கலாம் என்று ஊர் சொன்னது. விலையைப் பல்கலைக்கழகத்தோடு பேசி முடித்தது நகரம். 2020இல்தான், ஏறத்தாழ 8.8 கோடி டாலருக்கு நிலம் கைமாறியது.

99 ஆண்டு என்பது ஒரு மனித ஆயுளைவிட நீளம். அப்படியொரு குத்தகையில் கையெழுத்திடுபவர்கள் எவரும் நிலம் திரும்பி வருவதைப் பார்க்கப்போவதில்லை. அத்தனை நீண்ட குத்தகைக்கும் விற்பனைக்குப் போலவே வாக்கு கேட்பதுதான் முறை என்பது என் கருத்து. உங்கள் மகளுக்கு அங்கே வாக்குரிமை இருந்தால் ஒன்று சொல்லுங்கள்: அடுத்த முறை இப்படி ஒரு கேள்வி வாக்குச்சீட்டில் வந்தால், தலைப்போடு நிறுத்தாமல் எத்தனை ஏக்கர், எத்தனை ஆண்டு, விலையை யார் முடிவு செய்வார் என்ற மூன்றையும் படித்துவிட்டு வாக்களிக்கட்டும்.